லிங்கன் கோட்டைச் சிறை: நான்கு நாள் குறிப்புகள்

முதல் நாள்: மேடேறியதும் கடன்காரர் கட்டடம்

லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து இங்கிலாந்தின் லிங்கன் நகருக்கு நேர் ரயில் உண்டு. சுமார் இரண்டு மணி நேரப் பயணம். நேர் வண்டி கிடைக்காவிட்டால் நியூவார்க்கில் மாறிக்கொள்ளலாம். ரயில் நிலையம் ஊரின் அடிவாரத்தில் இருக்கிறது, கோட்டையும் பேராலயமும் மேட்டின் உச்சியில். இரண்டையும் இணைக்கும் தெருவுக்கு ஸ்டீப் ஹில் என்று பெயர், அதாவது செங்குத்து மேடு. ஏழு அடி நடந்தால் ஓர் அடி உயரும். கல் பாவிய தெரு என்பதால் மழை பெய்தால் வழுக்கும். தோல் அடி வைத்த செருப்பைத் தவிர்ப்பது நல்லது. முழங்கால் வலி உள்ளவர்கள் பஸ்ஸில் ஏறிப் போகலாம்.

கோட்டை 1068இல் வில்லியம் மன்னன் கட்டியது. வளாகத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை. சிறை, மதில் நடை, மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய 1215ஆம் ஆண்டுச் சாசனமான மாக்னா கார்ட்டா வைத்திருக்கும் நிலவறை ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஒரு டிக்கெட். பெரும்பாலானவர்கள் மாக்னா கார்ட்டாவைப் பார்த்துவிட்டு, மிச்ச நேரத்தில் சிறைக்குள் எட்டிப் பார்த்துத் திரும்புகிறார்கள். சிறைக்கு மட்டுமே இரண்டு நாள் ஒதுக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. இங்கே முதுகோடு முதுகு ஒட்டி நிற்பது இரண்டு சிறைகள். 1787இல் எழுந்தது ஒன்று, 1848இல் எழுந்தது மற்றொன்று. இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் சிறை என்ற சொல்லின் பொருளே மாறிவிட்டது. அந்த மாற்றத்தை இவ்வளவு பக்கத்தில் வைத்துச் செங்கல்லில் காட்டும் இடங்கள் குறைவு.

இங்கிலாந்தில் கவுண்டி என்பது நம் மாவட்டத்தைப் போன்ற நிர்வாகப் பிரிவு. லிங்கன்ஷயர் கவுண்டியின் சிறை இந்தக் கோட்டைக்குள் பல நூற்றாண்டுகள் இருந்தது. வளாகத்தில் முதலில் கண்ணில் படும் அழகான செங்கல் கட்டடம்தான் ஜார்ஜியன் காலத்துச் சிறை, அதாவது 1787இல் எழுந்தது. யார்க் நகரத்து ஜான் கார் வரைந்து, வில்லியம் லம்பி கட்டியது. பார்த்தால் ஜமீன் பங்களா போல இருக்கும். அதற்குக் காரணம் உண்டு. முன்பக்கம் ஜெயிலரின் வீடும், கடன்காரக் கைதிகளின் அறைகளும். திருட்டு, கொலை வழக்குக் கைதிகள் அடைபட்டிருந்த பின்பகுதி இப்போது இல்லை. அதை இடித்துவிட்டுத்தான் 1848இல் புதுச் சிறை எழுப்பினார்கள்.

கடன் வாங்கித் திருப்பித் தராதவர்தான் அன்றைய சிறையின் முதன்மையான வாசி. சிறைச் சீர்திருத்தவாதி ஜான் ஹோவர்ட் 1773இல் பெட்ஃபோர்ட்ஷயர் கவுண்டியின் ஷெரிஃபாக, அதாவது அங்கே மன்னரின் அதிகாரியாக இருந்தபோது, விடுதலையான கைதிகளைக்கூட ஜெயிலருக்குக் கட்டணம் பாக்கி என்று பூட்டி வைத்திருப்பதைக் கண்டார். பிறகு நாட்டின் சிறைகளை ஒவ்வொன்றாகக் குதிரையில் போய்ப் பார்த்துத் தலை எண்ணினார். 1776இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அவர் எண்ணிய கைதிகள் 4,084 பேர். அதில் கடன்காரர்கள் 2,437. பெருங்குற்றக் கைதிகள் 994, சில்லறைக் குற்றவாளிகள் 653. பத்தில் ஆறு பேர் குற்றமே செய்யாதவர்கள். சிறை என்றால் கொலைகாரன் என்ற எண்ணத்தோடு வருபவர்கள் இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும்.

ஜெயிலருக்கு அப்போது ஒழுங்கான சம்பளம் கிடையாது. உள்ளே வரக் கட்டணம், படுக்கைக்குக் கட்டணம், விலங்கைக் கழற்ற அல்லது இலகுவாக்கக் கட்டணம், வெளியே போகவும் கட்டணம். பழைய கைதிகள் புதிதாக வந்தவனிடம் குடிக்கக் காசு பறிப்பார்கள். காசில்லாவிட்டால் சட்டையை உருவிக்கொள்வார்கள். கடன்காரனுக்குச் சிறை சோறு போடாது. கடன் கொடுத்தவரே நாளைக்கு நாலு பென்ஸ் படி தர வேண்டும் என்று சட்டம் இருந்தது. அதைக் கேட்டுப் பெற வழக்குச் செலவு ஆகும் என்பதால் பலருக்கும் அது கிடைக்கவில்லை. கடனைக் கட்டச் சம்பாதிக்க வேண்டியவனைப் பூட்டி வைத்துவிட்டால் கடன் எப்படி அடையும்? இந்தக் கேள்விக்கு விடை கண்டு, கடனுக்குச் சிறை என்பதைப் பெரும்பாலும் ஒழிக்க 1869 வரை ஆனது.

மற்ற கைதிகளுக்கு இது காத்திருக்கும் இடம். லண்டனிலிருந்து நீதிபதிகள் ஆண்டுக்கு இரண்டு முறை, வசந்தத்திலும் கோடையிலும் சுற்றுக்கு வருவார்கள். அந்த அமர்வுக்கு அசைஸ் என்று பெயர். அது முடிந்த மறுவாரம் பிடிபட்டவன் ஏறக்குறைய ஆறு மாதம் விசாரணைக் கைதியாக உள்ளே கிடக்க வேண்டும். அமர்வு தொடங்கியதும் முதலில் பெரிய ஜூரி குற்றப்பத்திரிகையைப் பார்த்து, வழக்குக்கு முகாந்திரம் உண்டா இல்லையா என்று சொல்லும். உண்டு என்றால் பன்னிரண்டு பேர் ஜூரி முன்னால் விசாரணை. பல வழக்குகள் சில நிமிடங்களில் முடிந்தன. பெருங்குற்ற வழக்கில் கைதிக்காக வக்கீல் முழுவாதம் செய்ய 1836இல்தான் அனுமதி வந்தது.

பெருங்குற்ற வழக்கில் தீர்ப்பு பெரும்பாலும் மூன்று வகை. விடுதலை, நாடுகடத்தல், தூக்கு. இந்தக் கட்டடம் எழுந்த 1787இல்தான் ஆஸ்திரேலியாவுக்கு முதல் கைதிக் கப்பல்கள் புறப்பட்டன. லிங்கன்ஷயர் கம்பளி ஆட்டுக்குப் பேர்போன பூமி. ஆடு திருடினால் 1741 முதல் 1832 வரை சட்டப்படி தூக்கு. நடைமுறையில் பெரும்பாலோருக்கு உயிர் தப்பியது, ஆனால் மீதி வாழ்நாள் கடலுக்கு அப்பால் கழிந்தது.

எழுத்துக்காக உள்ளே போனவரும் உண்டு. ஐரிஷ் பத்திரிகையாளர் பீட்டர் ஃபின்னர்ட்டி, அமைச்சர் காசில்ரீயைத் தாக்கி எழுதியதற்காக 1811இல் பதினெட்டு மாதத் தண்டனையோடு லிங்கனுக்கு அனுப்பப்பட்டார். தமக்குத் தந்த அறையையும் நடத்தப்படும் விதத்தையும் பற்றி அவர் நாடாளுமன்றத்துக்கே மனுப் போட்டார். எழுதத் தெரிந்த கைதி உள்ளே வந்தால் ஜெயிலர்களுக்கு நிம்மதி போய்விடும். அன்றைய ஜெயிலர் ஜான் மெரிவெதர். மேட்டின் மேலுள்ள அப்சர்வேட்டரி கோபுரத்தின் உச்சியில் துருத்தி நிற்கும் சிறு கோபுரம் அவர் கட்டியது. நட்சத்திரம் பார்க்க என்பார்கள். அங்கே ஏறி நின்றால் சிறை முற்றமும் நன்றாகத் தெரிகிறது.

வேகமாக நடந்தால் இந்த முன்கட்டடம் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஜன்னல்களின் அளவைக் கவனியுங்கள். காற்றும் வெளிச்சமும் உள்ளே வர வேண்டும் என்று ஹோவர்ட் பிடிவாதமாகச் சொன்னது ஜெயில் காய்ச்சலுக்காக. அது பேன் பரப்பும் டைபஸ் காய்ச்சல். நெருக்கமும் அழுக்குத் துணியும் இருந்தால் போதும். தூக்கில் செத்தவர்களைவிடச் சிறைக் காய்ச்சலில் செத்தவர்கள் அதிகம் என்று ஹோவர்ட் எழுதினார். காய்ச்சலுக்குக் காரணம் பேன் என்று அப்போது யாருக்கும் தெரியாது. கெட்ட காற்றுதான் காரணம் என்று நம்பி ஜன்னலைத் திறந்தார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், துணியை அடுப்பில் காட்டினார்கள். காரணம் தவறு, பலன் சரி.

இரண்டாம் நாள்: தனிக்கொட்டடி, சிற்றாலயம், கல்லறை

காலையில் திறந்ததும் நேராகப் பின்கட்டுக்குப் போய்விட வேண்டும். பத்தரை மணிக்கு மேல் பள்ளிக்கூடக் கூட்டம் வந்துவிடும். இந்தச் சிறையை மௌனத்தில்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் மௌனத்தை உண்டாக்கத்தான் இதைக் கட்டினார்கள்.

1848இல் முடிந்த இந்தப் பகுதி தனிமை முறைச் சிறை. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 1829இலும் லண்டன் பென்டன்வில்லில் 1842இலும் தொடங்கிய முறை இது. ஆளுக்கு ஒரு கொட்டடி. வேலை, சாப்பாடு, தூக்கம் எல்லாம் அதற்குள்ளேயே. வெளியே வரும்போது பிறர் முகம் தெரியாதபடி தொப்பியின் முன்மறைப்பை இறக்கிவிட வேண்டும். பெயர் கிடையாது, எண்தான். கெட்டவர்களோடு பேசித்தான் மனிதன் கெடுகிறான், பேச்சை அறுத்தால் மனச்சாட்சி பேசும், அதற்குத் துணையாகப் பைபிளும் பாதிரியாரும் போதும் என்பது இதன் அடிப்படை. முன்கட்டடத்தில் சிறை என்பது ஆளைத் தீர்ப்பு வரைக்கும் நிறுத்தி வைத்த இடம். இங்கே சிறையே தண்டனை, சிறையே மருந்து.

நடுவில் மேல் தளம் வரை திறந்த கூடம், இருபுறமும் அடுக்கடுக்காகக் கொட்டடிகள். ஒரே இடத்தில் நின்று வார்டர் எல்லாக் கதவையும் பார்க்கலாம். ஒரு கொட்டடிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் நில்லுங்கள். ஒளிப்படம் எடுத்துக்கொண்டு உடனே வெளியே வந்துவிட்டால் ஒன்றும் புரியாது. ஆண்கள் பகுதியையும் பெண்கள் பகுதியையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

அடுத்தது சிற்றாலயம். இந்த முறைக்காகக் கட்டப்பட்டவற்றில் பழைய வடிவம் குலையாமல் உலகில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான் என்கிறார்கள். படிக்கட்டு போல உயரும் வரிசைகளில், ஆள் உயர மரப்பெட்டிகள் நெருக்கமாக நிற்கின்றன. ஒரு பெட்டியின் கதவே அடுத்த பெட்டிக்குச் சுவர். முதல் கைதி வரிசையின் கடைசிவரை போய் நிற்க, கதவு மூடும். அடுத்தவன் வந்து நிற்க, அடுத்த கதவு மூடும். இப்படியே வரிசை நிறையும். பிரசங்க மேடையிலிருந்து பாதிரியாருக்கு எல்லா முகமும் தெரியும். கைதிக்குப் பாதிரியாரைத் தவிர வேறு முகம் தெரியாது. மேடைப் பக்கம் ஒரு முறை, பெட்டிக்குள் ஒரு முறை என இரு இடத்திலிருந்தும் பார்த்தால்தான் தச்சனின் கணக்கு விளங்கும்.

இவ்வளவு யோசித்துக் கட்டியது ஏன் நிலைக்கவில்லை? தனிமை முறை நடக்க ஆளுக்கு ஒரு கொட்டடி எப்போதும் கையில் இருக்க வேண்டும். கவுண்டிச் சிறையின் கூட்டமோ அசைஸுக்கு முன் நிரம்பி, பின் வடியும். நிரம்பும் வாரங்களில் ஒரே கொட்டடியில் இருவர் மூவரைப் போட்டால் முறையே கவிழ்ந்துவிடும். பெட்டிகள் இருந்தும் பேச்சு நிற்பதில்லை. இப்படிப்பட்ட சிற்றாலயங்களில் சங்கீதம் பாடும்போது அதே மெட்டில் செய்தி சொல்லிக்கொள்வது கைதிகளின் வழக்கம். தனிமை தாங்காமல் சித்தம் கலங்கியவர்கள் பென்டன்வில்லிலேயே இருந்தார்கள். 1877ஆம் ஆண்டுச் சட்டத்தால் சிறைகள் எல்லாம் மத்திய அரசின் கைக்குப் போக, 1878இல் கோட்டைச் சிறை மூடப்பட்டது. முப்பதே ஆண்டுகள். பிறகு நெடுங்காலம் லிங்கன்ஷயர் ஆவணக் காப்பகம் இந்தக் கொட்டடிகளில் காகிதங்களைப் பாதுகாத்தது. பெரிய மராமத்துக்குப் பின் 2015இல் பார்வையாளருக்கு மீண்டும் திறந்தார்கள்.

இங்கே இருந்தவர்களில் ஒருவரைப் பற்றி நின்று சொல்ல வேண்டும். பிரிசில்லா பிகடைக், ஸ்டிக்னி கிராமத்துப் பெண். கணவர் ரிச்சர்ட் 1868 அக்டோபர் 1 அன்று வயிறு கலங்கி இறந்தார். உடலில் ஆர்செனிக் இருந்தது. அந்தக் காலத்தில் எலி மருந்தாகவும், ஆட்டு உண்ணிக்கு மருந்தாகவும் பண்ணை வீடுகளில் சாதாரணமாகக் கிடந்த நஞ்சு அது. 1836இல் வந்த மார்ஷ் சோதனையால் மிகச் சிறு அளவையும் கண்டுபிடிக்க முடிந்தது. 1851ஆம் ஆண்டுச் சட்டம், வாங்குபவர் கையெழுத்தைப் பதிவேட்டில் வாங்க வேண்டும் என்றும், சில்லறையில் விற்பதில் கரியோ நீலமோ கலக்க வேண்டும் என்றும் சொன்னது. நஞ்சு இருந்தது என்று சோதனை சொல்லும். யார் போட்டார்கள் என்று அது சொல்லாது. பிரிசில்லாவோடு அந்த வீட்டில் குடியிருந்த ஆண் ஒருவரும் கைதானார், ஆனால் அவர்மீது வழக்கு நடக்கவில்லை. பிரிசில்லா மட்டும் கூண்டேறினார். குற்றம் சாட்டப்பட்டவர் தம் வழக்கில் தாமே சத்தியம் செய்து சாட்சி சொல்ல 1898 வரை சட்டம் இடம் தரவில்லை. தான் செய்யவில்லை என்று கடைசி வரை சொன்ன பெண்ணின் வாயிலிருந்து ஜூரி கதையைக் கேட்கவே இல்லை. 1868 டிசம்பர் 28 அன்று கோட்டைக்குள் தூக்கிலிட்டார்கள். அந்த ஆண்டுதான் பொதுமக்கள் முன் தூக்கிலிடுவதை நாடாளுமன்றம் நிறுத்தியிருந்தது. மதிலுக்குள் தூக்கிலிடப்பட்ட முதல் பெண் இவர்.

அதற்கு முன்னெல்லாம் தூக்கு ஊரறிய நடந்தது. வடகிழக்கு மூலையில் குதிரை லாட வடிவத்தில் இருக்கும் காப் ஹால் கோபுரத்தின் மொட்டை மாடியில் 1817 முதல் 1859 வரை 38 பேரைத் தூக்கிலிட்டார்கள். மதில் நடைப் பாதை வழியாகவே அங்கே போய்விடலாம். படிகள் குறுகல். கீழறையில் சுவரில் இரும்பு வளையங்கள் இன்னும் இருக்கின்றன. மேலே நின்று வெளிப்பக்கம் குனிந்து பார்த்தால் தெருவும் வீட்டு ஜன்னல்களும் எவ்வளவு பக்கம் என்று தெரியும். மேடையை மதில் மேல் வைத்ததே அதற்காகத்தான். கடைசியாக அங்கே நின்றவர்கள் வில்லியம் பிக்கெட், ஹென்றி கேரி. சிப்ஸியில் வில்லியம் ஸ்டீவன்சனை அடித்துக் கொன்ற வழக்கு. நாள் 1859 ஆகஸ்ட் 5.

பழைய முறையில் கயிறு குட்டையாக இருக்கும். விழும் தூரம் குறைவு என்பதால் கழுத்து இறுகி மூச்சு முட்டித்தான் சாவு, சிலருக்கு நெடுநேரம். ஹார்ன்காசிலில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த வில்லியம் மார்வுட் இதைப் பற்றி யோசித்தவர். ஆளின் எடைக்கு ஏற்ப விழும் தூரத்தை நீட்டினால் கழுத்தெலும்பு முறிந்து உணர்வு உடனே போகும் என்பது அவர் வாதம். லிங்கன் சிறை நிர்வாகத்தைச் சம்மதிக்க வைத்து, 1872 ஏப்ரல் 1 அன்று இங்கே வில்லியம் ஃபிரடெரிக் ஹாரியைத் தூக்கிலிட்டார். மனைவியைக் கொன்ற குற்றம். அதுதான் மார்வுட்டின் முதல் வேலை, அப்போது அவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. கணக்கு எந்தப் பக்கம் பிசகினாலும் கோரம்தான். மார்வுட்டுக்குப் பின் வந்த ஒருவரின் கையில் 1885இல் நார்விச் கோட்டைச் சிறையில் கைதியின் தலையே துண்டானது. அதன் பிறகே அரசு குழு வைத்து அளவுகளை வகுத்தது.

மாலை வெயிலில் லூசி கோபுரத்துக்கு ஏறுங்கள். கூரையில்லாத பழைய கற்கோபுரம், உள்ளே புல், மரநிழல். தூக்கிலிடப்பட்டவர்களைப் புதைத்த இடம். முழங்கால் உயரம்கூட இல்லாத சிறு கற்கள், பெயர் இல்லை, முதலெழுத்துகளும் தேதியும் மட்டும். ஹாரியின் கல்லில் டபிள்யூ. எஃப். எச்., 1872 ஏப்ரல் 1. பின்கட்டில் எண்ணாக இருந்தவர்களுக்கு மண்ணுக்குள் போன பிறகு மூன்று எழுத்து திரும்பக் கிடைத்திருக்கிறது. படிக்கட்டு செங்குத்து, மழைநாளில் பாசி வழுக்கும். இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள்: டாம் ஆட்டர் சந்து

புதைக்கக்கூட மறுத்த காலம் அதற்கு முன். லிங்கனிலிருந்து மேற்கே சாக்ஸில்பி, ரயிலில் சில நிமிடம். அங்கிருந்து ட்ரின்ஸி நுக் பக்கம் டாம் ஆட்டர் சந்து என்றே ஒரு சாலை இருக்கிறது. நடைபாதை இல்லாத கிராமச் சாலை, வண்டிகள் வேகமாக வரும். காரில் போவதே மேல்.

1805 நவம்பரில் மேரி கிர்க்கம் என்ற பெண்ணைத் திருமணம் செய்த அன்றே, வேலிக் கட்டையால் அடித்துக் கொன்றான் டாம் ஆட்டர். 1806 மார்ச்சில் லிங்கனில் தூக்கு. 1752 முதல் நடப்பில் இருந்த கொலைச் சட்டப்படி, கொலையாளியின் உடலை ஒன்று மருத்துவர்கள் அறுக்க வேண்டும், அல்லது சங்கிலியில் தொங்கவிட வேண்டும். ஆட்டரை இரும்புச் சட்டகத்தில் பூட்டி, கொலை நடந்த இடத்துக்கு அருகில் உயரக் கம்பத்தில் தொங்கவிட்டார்கள். எலும்பு உதிரும்வரை ஆண்டுக்கணக்கில் அது அங்கேயே ஆடியது. அறுப்பதை 1832இலும் தொங்கவிடுவதை 1834இலும் சட்டம் நிறுத்தியது.

அந்தச் சட்டகத்தின் தலைப்பகுதி டாடிங்டன் ஹால் மாளிகையில் இருக்கிறது. மாளிகை ஆண்டு முழுதும் திறந்திருக்காது, கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். கொலையுண்ட மேரியின் பெயரில் இங்கே எந்தச் சந்தும் இல்லை. அது எங்களை உறுத்தியது.

நான்காம் நாள்: கிரீட்வெல் சாலை

கோட்டையிலிருந்து கிழக்கே நடந்து போகும் தூரத்தில் கிரீட்வெல் சாலைச் சிறை. 1872இல் திறந்தது, இன்றும் இயங்குகிறது. உள்ளே போக முடியாது. சாலையிலிருந்து முகப்பைப் பார்க்கலாம். பார்வையாளர் வாசலில் குடும்பங்கள் காத்திருக்கும், அவர்களைப் படம் எடுக்க வேண்டாம்.

இந்தச் சிறையில் 1918இல் அடைக்கப்பட்டவர் ஐரிஷ் விடுதலைத் தலைவர் ஏமன் டி வலேரா, பின்னாளில் அயர்லாந்தின் பிரதமரும் குடியரசுத் தலைவரும் ஆனவர். சிறைப் பாதிரியாரின் சாவியை மெழுகுவர்த்தி மெழுகில் அச்செடுத்தார். அந்தச் சாவியின் வடிவத்தைச் சக கைதி ஷான் மில்ராய் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் வேடிக்கைப் படமாக வரைந்தார். அட்டை தணிக்கையைத் தாண்டி வெளியே போனது. பதிலுக்குக் கேக்குக்குள் சாவி வந்தது, பூட்டுக்குப் பொருந்தவில்லை. படத்தைப் பார்த்து வெட்டும் சாவியில் வரும் தொல்லை இது, மயிரிழை பிசகினாலும் பூட்டு திரும்பாது. கடைசிக் கேக்கில் வெட்டாத சாவியும் அரமும் வந்தன, வேலை சிறைக்குள்ளேயே முடிந்தது.

1919 பிப்ரவரி 3 இரவு, வயல் பக்கமிருந்து அவருடைய இயக்கத் தோழர்கள் மைக்கேல் காலின்ஸும் ஹாரி போலண்டும் டார்ச் விளக்கால் சைகை காட்டினார்கள். டி வலேராவும் மில்ராயும் இன்னொரு கைதி ஷான் மக்கேரியும் கதவுக்குக் கதவு திறந்துகொண்டு வெளிக்கதவு வரை வந்துவிட்டார்கள். வெளியிலிருந்து காலின்ஸ் தம்மிடமிருந்த மாற்றுச் சாவியைப் போட்டுத் திருப்ப, அது பூட்டுக்குள்ளேயே முறிந்தது. டி வலேரா உள்பக்கமிருந்து தம் சாவியை நுழைத்து, முறிந்த துண்டை மெல்ல வெளியே தள்ளினார். துண்டு விழுந்தது, பூட்டு திரும்பியது.